கம்ப்ரெஸரை முழுதாக ஏற்றினால் தரம் கெடும்

“ஏஎம் ஒலிபரப்பில் கம்ப்ரெஸரை எவ்வளவு ஏற்றினாலும் தரம் கெடாது, உசிலம்பட்டி தாண்டியும் தெளிவாகக் கேட்கும்” என்று மேலே ஒருவர் எழுதியிருக்கிறார். கம்ப்ரெஸர் என்பது உரத்த ஒலியை அமுக்கி, மெல்லிய ஒலியை உயர்த்தும் கருவி. அவர் சொன்னது பாதிதான் சரி. சராசரிப் பண்பேற்றம், அதாவது ஒலிக்கேற்ப அலையின் வீச்சு மாறும் அளவு, கூடினால், ஒலிபரப்பு எட்டும் இரைச்சல் மிகுந்த எல்லைப் பகுதியில் பேச்சு எடுப்பாகக் கேட்கும் என்பது உண்மை.

தரம் கெடாது என்பதை மட்டும் ஏற்கவே முடியாது. சித்திரைத் திருவிழா நேரடி ஒலிபரப்பை அப்படி அனுப்பினால், தவில் அடி ஒவ்வொன்றும் நாதசுரத்தைக் கீழே அமுக்கும். அடி ஓய்ந்ததும் கூட்டத்தின் இரைச்சல் பொங்கி எழும். செய்தி வாசிப்பவர் மூச்சு இழுப்பதுகூடப் பெரிதாகக் கேட்கும். எவ்வளவு நேரம்தான் நேயர் பொறுப்பார்?

இதைவிட மோசமானது ஒன்று உண்டு. ஒலியைச் சுமந்து செல்லும் ஊர்தி அலையின் வீச்சைக் குறைக்கும் எதிர்த்திசைப் பண்பேற்ற உச்சம் 100 சதவீதத்தைத் தாண்டினால், அந்த அலை அந்தக் கணம் அறுந்துபோகிறது. குரல் கரகரக்கிறது, சிதறல் 9 கிலோஹெர்ட்ஸ் தள்ளியுள்ள அடுத்த அலைவரிசையிலும் போய் விழுகிறது. அது பிறர் நிலையத்தைக் கெடுக்கும் செயல்.

தாழ்சுரம், நடுச்சுரம், மேல்சுரம் எனப் பிரித்து மிதமாக அமுக்குங்கள். எதிர்த்திசை உச்சத்தை, வரம்பு மீறாமல் தடுக்கும் கருவியான லிமிட்டரால் 100 சதவீதத்துக்குள் நிறுத்துங்கள். வீச்சைக் கூட்டும் நேர்த்திசையில் அமெரிக்க விதி 125 சதவீதம் வரை அனுமதிக்கிறது. அமைத்தபின் ஸ்டுடியோ ஸ்பீக்கரை நம்பாமல், சாதாரண டிரான்சிஸ்டரில் கேட்டுப் பாருங்கள்.