நிரல் நன்றாக இருந்தால் போதுமா?

போன வாரம் ஒரு நண்பரோடு பேசிக்கொண்டிருந்தது வாக்குவாதமாகிவிட்டது. ஓப்பன் சோர்ஸ் திட்டம், அதாவது நிரலை யாரும் பார்த்துத் திருத்தக்கூடிய மென்பொருள் திட்டம், எதைத் திறந்தாலும் இப்போதெல்லாம் ‘நடத்தை விதிகள்’ என்று ஒரு கோப்பு இருக்கிறதே, அது எதற்கு என்று கேட்டார். “நிரல் எழுத வந்தவனுக்கு எதுக்கு ஒழுக்கப் பாடம்? நல்லா இருந்தா எடுத்துக்கோ, இல்லேன்னா தள்ளு. அவ்வளவுதானே?” என்றார். பதினைந்து வருடமாக இந்தத் துறையில் இருப்பவர். என்னைவிட நன்றாக நிரல் எழுதுபவர். அன்று அவருக்கு என்னால் கோர்வையாகப் பதில் சொல்ல முடியவில்லை. அதனால் இங்கே எழுதுகிறேன். கொஞ்சம் நீளும், பொறுத்துக்கொள்ளுங்கள்.

முதலில் எனக்கு நடந்ததைச் சொல்கிறேன்.

பத்து வருடத்துக்கு முன்னால் நான் தினமும் பயன்படுத்திய ஒரு டெக்ஸ்ட் எடிட்டரில் தமிழ் எழுத்து உடைந்து வரும். வரி முடிகிற இடத்தில் ‘கொ’ வந்தால் ‘க’ மேல்வரியிலேயே நின்றுவிடும். கொம்பும் காலும், நடுவில் ஒரு புள்ளி வட்டத்தோடு, கீழ்வரியில் போய் விழும். மூன்று இரவு உட்கார்ந்து, வரியை எங்கே மடிக்கிறது என்று தேடிக் கண்டுபிடித்து, ஒரு பேட்ச், அதாவது நிரலில் ஒரு திருத்தம், எழுதி அந்த எடிட்டரைப் பார்த்துக்கொள்பவர்களுக்கு அனுப்பினேன். அதுதான் என் முதல் பேட்ச். அனுப்பிவிட்டு அரை மணிக்கு ஒரு தரம் மெயிலைத் திறந்து பார்த்தது இன்னும் நினைவிருக்கிறது.

பதில் இரண்டே வரி. இந்தக் குப்பையை அனுப்புவதற்கு முன் எதையாவது படித்தாயா, எங்கள் நேரத்தை வீணடிக்காதே என்று.

பேட்சில் தவறு இருந்தது, அதை மறுக்கவில்லை. ஒவ்வொரு எழுத்துக்கும் ஒரு பட்டியலை முதலிலிருந்து தேடிக்கொண்டிருந்தது. பெரிய கோப்பைத் திறந்தால் எடிட்டர் திணறியிருக்கும். ஆனால் அந்த இரண்டு வரியில் இந்த விவரம் இல்லை. நானாக அதைப் புரிந்துகொள்ள ஒரு வருடத்துக்கு மேல் ஆனது. அதற்குள் இனி எங்கேயும் எதையும் அனுப்புவதில்லை என்று ஒதுங்கிவிட்டேன். அந்த எடிட்டரில் ‘கொ’ உடைந்தபடியே கிடந்தது.

பிறகு வேறொரு திட்டத்துக்கு, தயங்கித் தயங்கி, இன்னொரு பேட்ச் அனுப்பினேன். அதையும் நிராகரித்தார்கள். ஆனால் ஏழு இடத்தில் குறிப்பு எழுதியிருந்தார் அந்தத் திட்டத்தைப் பார்த்துக்கொள்ளும் பராமரிப்பாளர். இந்த வரி ஏன் சரிப்படாது, இதே வேலையை இன்னொரு கோப்பில் எப்படிச் செய்திருக்கிறோம், அங்கே போய்ப் பார், இதற்கு ஒரு சோதனை எழுது என்று. ஒரு இடத்தில்கூடப் பாராட்டு இல்லை. கறாரான ஆள். நான்காவது முறை அனுப்பியபோது ஏற்றுக்கொண்டார். இரண்டு பேருமே முடியாது என்றுதான் சொன்னார்கள். ஒருவர் என் பேட்சைப் பற்றிச் சொன்னார், இன்னொருவர் என்னைப் பற்றிச் சொன்னார். நண்பர் இந்த இரண்டையும் ஒன்றாகப் போட்டுக் குழப்பிக்கொள்கிறார் என்றுதான் எனக்குத் தோன்றுகிறது.

சரி, என்னை விடுங்கள். லினக்ஸ் கெர்னலை எடுத்துக்கொள்வோம். கணினியின் வன்பொருளையும் அதில் ஓடும் நிரல்களையும் இணைக்கும் அடிப்படை மென்பொருள் அது, 1991-இல் லினஸ் டோர்வால்ட்ஸ் தொடங்கியது. நம் சட்டைப் பையிலிருக்கும் ஆண்ட்ராய்டு போன் முதல் உலகின் மிகப் பெரிய சூப்பர் கம்ப்யூட்டர்கள் வரை அதில்தான் ஓடுகின்றன. அதை எழுதுபவர்களின் சமூகம் பல வருடம் வசவுக்கும் பேர் போனதாக இருந்தது. லினஸ் யாரையாவது திட்டி எழுதிய மின்னஞ்சலை எடுத்துப் போட்டு ரசிப்பது ஒரு பொழுதுபோக்காகவே இருந்தது. திட்டு வாங்கியவர் அன்றைக்கு ராத்திரி எப்படித் தூங்கினார் என்று யாரும் கேட்டதில்லை.

2013 ஜூலையில் ஒருவர் எழுந்து கேட்டார். யூஎஸ்பி 3.0 சாதனங்களைக் கெர்னலோடு பேசவைக்கும் நிரலை (டிரைவரை) எழுதிப் பராமரித்த சேஜ் ஷார்ப். இப்படி ஆளைத் திட்டுவதை நிறுத்துங்கள் என்று, எல்லாரும் பார்க்கும் இடத்திலேயே, லினஸிடம் நேராகச் சொன்னார். லினஸ் ஒப்புக்கொள்ளவில்லை. நான் இப்படித்தான், நாசூக்காக நடிக்க எனக்கு வராது என்கிற தோரணையில் பதில் வந்தது. 2015 மார்ச்சில் கெர்னலுக்குள் ஒரு சின்ன ஆவணம் சேர்ந்தது. அதற்கு ‘கோட் ஆஃப் கான்ஃப்ளிக்ட்’ என்று பெயர் வைத்தார்கள். நடத்தை விதி என்று சொல்லக்கூட மனம் வரவில்லை, மோதல் விதி. அதே வருடம் அக்டோபரில் சேஜ் ஷார்ப் கெர்னலை விட்டு விலகிவிட்டதாக வெளிப்படையாக எழுதினார். என் வேலைக்கு மரியாதை கிடைத்தது, ஆனால் மனுஷியாக, மனுஷனாக ஒருவர் கேட்கக்கூடிய மரியாதையைக் கேட்கவே முடியாத இடமாக அது இருந்தது என்பதுதான் அவர் சொன்னதன் சாரம். யூஎஸ்பி 3.0-ஐ லினக்ஸுக்குக் கொண்டுவந்த ஒருவர் அப்படிப் போனார். “தாங்க முடியாதவங்க போகட்டும், திறமைசாலி நிப்பான்” என்று சொல்பவர்கள் இந்த ஒரு ஆளுக்கு என்ன பதில் வைத்திருக்கிறார்கள்?

அப்புறம் 2018 செப்டம்பர் 16. 4.19 வெர்ஷனுக்கான வாராந்திர அறிவிப்பிலேயே லினஸ் மன்னிப்புக் கேட்டார். மின்னஞ்சல்களில் நான் பிறரைத் தாக்கி எழுதியது தொழில்முறைக்கு ஒவ்வாதது, தேவையற்றது, அதனால் காயப்பட்டவர்களிடம் வருத்தம் தெரிவிக்கிறேன், கொஞ்ச நாள் விலகியிருந்து மற்றவர்களின் உணர்ச்சிகளைப் புரிந்துகொள்ள உதவி நாடப்போகிறேன் என்று எழுதியிருந்தார். அதே நாளில் பழைய ஆவணத்தை எடுத்துவிட்டு ‘கான்ட்ரிபியூட்டர் கவனன்ட்’ என்ற நடத்தை விதிகளைக் கெர்னலில் சேர்த்தார்கள். 2014-இல் கோரலைன் அடா எம்கி எழுதியது அது. ஆயிரக்கணக்கான திட்டங்கள் அதை எடுத்துக்கொண்டிருக்கின்றன.

அன்றைக்கு எழுந்த கூச்சல் எனக்கு நன்றாக நினைவிருக்கிறது. இனி தரம் போச்சு, கெர்னல் அவ்வளவுதான், நல்ல ஆட்கள் எல்லாம் கிளம்பிவிடுவார்கள் என்றார்கள். என்ன ஆனது? கிரெக் க்ரோவா-ஹார்ட்மன் அந்த வெர்ஷனைக் கவனித்துக்கொண்டார், அக்டோபரில் 4.19 வெளியானது, லினஸ் திரும்பி வந்தார். இன்றுவரை ஒன்பது பத்து வாரத்துக்கு ஒரு புது வெர்ஷன் தவறாமல் வந்துகொண்டிருக்கிறது. லினஸ் இன்றும் மோசமான பேட்சைக் கறாராகத் திருப்பி அனுப்புகிறார். சில சமயம் குரலும் உயரத்தான் செய்கிறது. ஆனால் தலையே கை கட்டி நின்று தவறு என்று ஒப்புக்கொண்ட பிறகு, கீழே இருப்பவர்கள் அவரைக் காட்டித் தங்கள் வசவை நியாயப்படுத்த முடியாமல் போனது. எனக்கு அதுதான் பெரிய விஷயம்.

இதே 2018 ஜூலையில் பைத்தான் என்ற நிரல்மொழியை உருவாக்கிய கைடோ வான் ராஸம் தலைமைப் பொறுப்பிலிருந்து விலகினார். மொழியில் ஒரு புதிய குறியீட்டைச் சேர்ப்பது பற்றிய விவாதம் அவரை அந்த அளவுக்குச் சோர்வடையச் செய்தது. 2021 டிசம்பரில் லாக்4ஜே என்ற நிரல்தொகுப்பில் இருந்த பாதுகாப்பு ஓட்டை வெளிவந்தபோது, சம்பளமில்லாமல் ராத்தூக்கம் இல்லாமல் அதை அடைத்துக்கொண்டிருந்தவர்களைத்தான் ஊரே சேர்ந்து ஏசியது. இப்படி அடுக்கிக்கொண்டே போகலாம்.

ஆனால் என் நண்பருக்கு நான் முக்கியமாகச் சொல்ல நினைத்தது எக்ஸ்-இசட் கதை.

எக்ஸ்-இசட் என்பது கோப்புகளைச் சுருக்கும் ஒரு சின்னக் கருவி. லினக்ஸ் இருக்கும் இடத்தில் பெரும்பாலும் அதுவும் இருக்கும். பல வருடமாக அதைப் பின்லாந்தைச் சேர்ந்த லாசே காலின் என்ற ஒரே ஒருவர், ஓய்வு நேரத்தில், காசு வாங்காமல் பார்த்துக்கொண்டிருந்தார். 2022-இல் சிலர் வந்து அவரை நெருக்க ஆரம்பித்தார்கள். பேட்ச் வந்து இத்தனை நாள் ஆச்சு, ஏன் சேர்க்கவில்லை, உங்களுக்கு ஆர்வம் போய்விட்டது, வேறு பராமரிப்பாளர் வந்தால்தான் இது உருப்படும் என்று திரும்பத் திரும்ப எழுதினார்கள். ஜூன் மாதம் அவர் பொறுமையாகப் பதில் எழுதினார். ஆர்வம் போகவில்லை, நீண்ட நாளாக மனநலப் பிரச்சினைகள் இருக்கின்றன, அதனால் முன்போல் கவனிக்க முடியவில்லை, இது ஊதியமில்லாத வேலை என்பதையும் நினைவில் வையுங்கள் என்று. ஒரு மனிதர் இதைவிடத் தெளிவாக எப்படிச் சொல்ல முடியும்? அதற்கும் விடவில்லை. வருத்தமாக இருக்கிறது, ஆனால் உங்கள் எல்லையை நீங்கள் உணர வேண்டும் என்று அவருக்கே புத்தி சொன்னார்கள்.

அதே சமயத்தில் ஜியா டான் என்ற பெயரில் ஒருவர், பணிவாக, நல்ல பேட்சுகளாக அனுப்பிக்கொண்டிருந்தார். களைத்துப்போனவர் யாரிடம் பொறுப்பைக் கொடுப்பார்? உதவிக்கு வந்து நிற்பவரிடம்தான். மெல்ல மெல்ல அந்தக் கைக்குச் சாவி போனது. 2024 பிப்ரவரியில் வந்த 5.6.0 வெர்ஷனில் ஒரு கள்ளக் கதவு இருந்தது. உலகம் முழுக்க உள்ள சர்வர்களுக்குள் சத்தமில்லாமல் நுழையக்கூடிய கதவு. மார்ச் 29 அன்று ஆண்ட்ரெஸ் ஃப்ராய்ண்ட் என்ற பொறியாளர் அதை வெளியே சொன்னார். எஸ்எஸ்ஹெச் வழியாக, அதாவது தொலைவிலிருந்து ஒரு கணினிக்குள் பாதுகாப்பாக நுழையும் வழியாக, உள்நுழைய அரை நொடி கூடுதலாக ஆகிறதே என்று சந்தேகப்பட்டுத் தோண்டியவர். பெரும்பாலான இடங்களுக்குப் பரவுவதற்கு முன்பே பிடிபட்டது.

அன்று நெருக்கியவர்கள் எல்லாம் இந்த வேலைக்காகவே உருவாக்கப்பட்ட போலிக் கணக்குகள் என்றுதான் பரவலாகக் கருதப்படுகிறது. அவர்கள் எந்தப் பூட்டையும் உடைக்கவில்லை. வீட்டுக்காரரை வைது வைதே சாவியை வாங்கிவிட்டார்கள். இது ஏன் யாருக்கும் வித்தியாசமாகப் படவில்லை என்பதைத்தான் நான் யோசித்துக்கொண்டே இருக்கிறேன். அந்த மாதிரிப் பேச்சு அங்கே அன்றாடம். உண்மையான பயனாளர்களே பராமரிப்பாளர்களிடம் அப்படித்தான் பேசுகிறார்கள். கூட்டத்தோடு கூட்டமாக வந்தவனை யார் அடையாளம் கண்டுபிடிப்பது? அந்த இடத்தில் வேறு யாராவது ஒருவர், “ஐயா, அவர் உடம்பு சரியில்லை என்கிறார், கொஞ்சம் நிறுத்துங்கள்” என்று கண்டிப்போடு சொல்லியிருந்தால் கதை எப்படிப் போயிருக்கும்! இதனால்தான் மரியாதையை ஒழுக்கப் பாடம் என்று ஒதுக்காதீர்கள் என்கிறேன். அது அந்த வீட்டின் தாழ்ப்பாள்.

விதி மட்டும் எழுதிவைத்தால் போதாது என்பதையும் சொல்லிவிடுகிறேன். பல திட்டங்களில் அந்தக் கோப்பு சும்மா கிடக்கிறது. புகார் செய்ய ஒரு முகவரி, அதைப் படிக்க ஆள், படித்தபின் பெரிய ஆள் சின்ன ஆள் பார்க்காமல் முடிவெடுக்கும் தைரியம், இவை இருந்தால்தான் அது விதி. 2024 நவம்பரில் கெர்னலில் இது நடந்தது. ஒரு முக்கியமான ஃபைல் சிஸ்டத்தை (வட்டில் கோப்புகளை அடுக்கிவைக்கும் முறையை) உருவாக்கியவர் சக பராமரிப்பாளர் ஒருவரைத் தரக்குறைவாகப் பேசினார், பகிரங்கமாகச் சரிசெய்துகொள்ளவும் மறுத்தார். 6.13 வெர்ஷனுக்கு அவருடைய பேட்சுகளை எடுப்பதில்லை என்று முடிவு செய்தார்கள். அவர் திறமையை யாரும் சந்தேகிக்கவில்லை. திறமை இருந்தும் அந்த முடிவை எடுத்தார்கள் என்பதால்தான் அதற்கு மதிப்பு. எனக்கு ரொம்பப் பிடித்த விதி, லினக்ஸில் இயங்கும் உபுண்டு என்ற இயங்குதளத்தின் நடத்தை நெறியில் இருப்பது. பொறுப்பிலிருந்து விலகும்போது சொல்லிவிட்டுப் போ, அடுத்தவர் தொடர்வதற்கு ஏற்பாடு செய்துவிட்டுப் போ என்கிறது. வருவதற்கு மட்டுமல்ல, போவதற்கும் மரியாதை உண்டு என்று யோசித்து எழுதியிருக்கிறார்கள்.

நம் ஆட்களுக்கு இதில் ஒரு தனிச் சங்கடம் இருக்கிறது. தமிழில் நீ, நீங்கள் என்று வினையிலேயே மரியாதை வந்துவிடும். தெரியாத ஒருவரிடம் ‘பார்’ என்று எழுதக் கை வராது, ‘பாருங்கள்’ என்றுதான் வரும். ஆங்கிலத்தில் அந்தப் பிடி இல்லை. அதனால் கல்லூரிப் பிள்ளைகள் மின்னஞ்சலுக்கு மின்னஞ்சல் ‘சார்’ போடுகிறார்கள், சார் என்று கூப்பிடாதே என்று பதில் வந்ததும் பயந்துவிடுகிறார்கள். இன்னொரு பக்கம், எதையும் தேடிப் பார்க்காமல், பிழைச் செய்தியைக்கூட ஒட்டாமல், ‘அர்ஜென்ட் சார், உடனே உதவுங்க’ என்று எழுதுவதை மரியாதைக் குறைவு என்று அவர்களுக்கு யாரும் சொல்லித் தரவில்லை. சார் போட்டாச்சே என்று நினைக்கிறார்கள். எதிரில் இருப்பவரின் ஒரு மணி நேரத்தைக் காப்பாற்றுவதும் மரியாதைதான் என்று கல்லூரிகளில் நடக்கும் லினக்ஸ் பயிற்சிகளில் முதல் நாளே சொல்லித் தர வேண்டும் என்று ஆசைப்படுகிறேன்.

கடைசியாக ஒன்று. இதை எழுத எனக்குக் கஷ்டமாக இருக்கிறது, ஆனால் எழுதாமல் விட்டால் மேலே எழுதியதற்கு அர்த்தமில்லை.

தமிழ்ச் சொற்களை அகரவரிசைப்படுத்தும் ஒரு சின்ன நிரல்தொகுப்பை நான் சில வருடமாகப் பராமரிக்கிறேன். போன மார்கழியில், இரவு பதினொன்றரை மணிக்கு, பிள்ளையைத் தூங்கவைத்துவிட்டு லேப்டாப்பைத் திறந்தேன். ஒரு மாணவர் எழுதியிருந்தார்: ‘வேலை செய்யவில்லை. உடனே சரி செய்யவும்.’ அன்றைக்கு அலுவலகத்திலும் சரியில்லாத நாள். முதலில் ஆவணத்தைப் படி, பிறகு வா, என் நேரத்தை வீணாக்காதே என்று எழுதி அனுப்பிவிட்டுப் படுத்துவிட்டேன்.

காலையில் காபியோடு உட்கார்ந்து பார்த்தபோதுதான் தெரிந்தது. எனக்குப் பத்து வருடத்துக்கு முன்னால் வந்த அதே வரி. அதைவிட மோசம், அவர் சொன்னது சரி. ‘க்ஷ’வில் தொடங்கும் சொற்கள் பட்டியலில் ‘ஹ’வுக்குப் பின்னால் போவதற்குப் பதிலாக ‘க’வுக்குள் போய் உட்கார்ந்திருந்தன.

மன்னிப்புக் கேட்டு எழுதினேன். பதில் வரவில்லை. ஒரு வாரம் கழித்து இன்னொரு தரம் எழுதினேன், அதற்கும் வரவில்லை. கெர்னலில் ஒரு பழக்கம் உண்டு. ஒரு வழுவைச் சரிசெய்யும்போது, அதை முதலில் கண்டு சொன்னவரின் பெயரை ‘ரிப்போர்ட்டட்-பை’ என்று, திருத்தத்தோடு பதிவாகும் குறிப்பின் (கமிட்டின்) கடைசியில் ஒரு வரியாகப் போடுவார்கள். நானும் போட்டேன். நான்கு வரித் திருத்தம், ஒரு சோதனை, கீழே அவர் பெயர். அவருடைய பழைய புகார்ப் பதிவை இன்னும் மூடவில்லை. என்றாவது வந்து பார்த்தால் அவரே மூடட்டும் என்று திறந்தே வைத்திருக்கிறேன்.