வெள்ளிக்கிழமைப் பட்டியல்

கோவையில் பம்பு செட் தயாரிக்கும் ஒரு நிறுவனத்தில் பல ஆண்டுகளாக நிதிப் பொறுப்பில் இருக்கிறேன். எந்த நிறுவனம் என்று கேட்காதீர்கள். சொல்லப்போவது பெருமைக்குரிய கதை அல்ல. தலைமைப் பண்பு பற்றிப் பேசச் சொல்லிக் கல்லூரிகளிலிருந்து அவ்வப்போது அழைப்பு வரும். தொலைநோக்கு, குழு உணர்வு என்று ஏதோ பேசிவிட்டுப் பொன்னாடையோடு வீடு திரும்புவேன். என் தலைமைப் பண்பின் லட்சணம் முழுவதும் ஒரே ஒரு தாளில் இருந்தது என்பதை எந்த மேடையிலும் சொன்னதில்லை. வெள்ளிக்கிழமை மாலை 4 மணிக்கு என் மேசைக்கு வரும், யாருக்கு எப்போது பணம் தருவது என்ற பட்டுவாடாப் பட்டியல் அது.

கையில் இருக்கும் பணம் எப்போதும் பட்டியலைவிடக் குறைவாகவே இருக்கும். வங்கித் தவணை, மின்கட்டணம், சம்பளம் ஆகியவற்றில் கை வைக்க முடியாது. அடுத்தது செம்புக் கம்பி தருபவர். அவர் சரக்கை நிறுத்தினால் எங்கள் உற்பத்தி நின்றுவிடும். அதன் பிறகு போனில் சத்தம் போடுகிறவர்கள். எல்லோருக்கும் கடைசியில், பம்பின் சுழல் தண்டான ஷாஃப்ட்டை எங்கள் ஆர்டரின்படி கடைந்து தரும் சிறு பட்டறைக்காரர்கள். அவர்கள் சத்தம் போடுவதில்லை. பட்டுவாடாப் பட்டியல் என்று பெயர். நான் யாருக்கெல்லாம் பயப்படுகிறேன் என்பதுதான் அதில் வரிசையாக இருந்தது.

அந்தக் காலத்தில் பணம் கேட்டு நேரில் வருவார்கள். முகத்தைப் பார்த்து "அடுத்த வாரம்" என்று சொல்ல எனக்கே கூச்சமாக இருக்கும். கொள்முதல், கணக்கு எல்லாவற்றையும் ஒன்றாகக் கவனிக்கும் ஈ.ஆர்.பி. மென்பொருள் வந்ததும் அந்தக் கூச்சம் போயிற்று. "சிஸ்டத்தில் இன்னும் பாஸ் ஆகவில்லை" என்று கணக்குப் பிரிவுப் பையன் சொல்லிவிடுவான். பாஸ் ஆகாமல் நிறுத்தி வைக்கும் அந்தச் சின்னக் கட்டத்தை மென்பொருளில் வைக்கச் சொன்னவனே நான்தான். பில்லுக்குப் பணம் தர நாங்கள் எடுத்துக்கொண்ட 45 நாள் இரண்டே வருடத்தில் 90 நாளானது. வட்டி மிச்சம் என்று இயக்குநர் கூட்டத்தில் பாராட்டினார்கள். நானும் சிரித்துக்கொண்டே வாங்கிக்கொண்டேன்.

ஒரு சனிக்கிழமை, அவசர ஆர்டர் விஷயமாக ஆவாரம்பாளையத்தில் ஒரு பட்டறைக்குப் போக வேண்டியிருந்தது. இரண்டு பழைய லேத், கணினி இயக்கும் ஒரு சி.என்.சி. மெஷின் (கடனில் வாங்கியது), தரையெல்லாம் இரும்புச் சுருள். வாரச் சம்பள நேரம். உரிமையாளர் எண்ணெய்க் கையைத் துடைத்துக்கொண்டு நோட்டுகளை எண்ணிக் கவரில் போட்டுக்கொண்டிருந்தார். இரண்டு கவர்களின் மேல் பென்சிலால் "பாதி" என்று எழுதினார். சுவரில் இருந்த காலண்டரில் 20ஆம் தேதியைச் சுற்றிச் சிவப்பு வட்டம். வீட்டு விசேஷமா என்று கேட்டேன். "ஜி.எஸ்.டி. சார். நீங்கள் இன்னும் தராத பணத்துக்கு நான் வரி கட்டுகிற நாள்" என்றார். குரலில் கோபமே இல்லை. அதுதான் தாங்க முடியவில்லை. ஏனென்றால் அவர் கைக்காசைப் போட்டுக் கட்டிய அந்த வரியை உள்ளீட்டு வரி வரவாக, அதாவது நாங்கள் கட்ட வேண்டிய வரியில் கழித்துக்கொள்ளும் தொகையாக, நாங்கள் ஏற்கெனவே எடுத்திருப்போம். அந்த வரவைத் திருப்பித் தராமல் இருக்க, பில்லுக்குப் பணம் தர 180 நாள் வரை அவகாசம் இருக்கிறது. ஜி.எஸ்.டி.யைப் பொறுத்தவரை எல்லாம் சட்டப்படிதான்.

அன்று இரவு ஒரு கணக்குப் போட்டேன். ஒரு கோடி ரூபாயை 45 நாள் கூடுதலாக நிறுத்தி வைத்தால், வங்கி வட்டி 9 சதவீதம் என்று வைத்துக்கொண்டாலும் எங்களுக்கு மிச்சம் சுமார் 1.11 லட்சம். அதே பணத்தை அந்தப் பட்டறைகள் வெளியே 24 சதவீதத்துக்கு வாங்கினால் அவர்களுக்குச் செலவு 2.96 லட்சம். அந்தச் செலவு அடுத்த வருட ரேட்டில் ஏறி எங்களிடமேதான் வந்து சேரும். இதற்காகவா கைதட்டு வாங்கினேன்?

தாமதத்தைத் தடுக்கச் சட்டம் இல்லாமல் இல்லை. 2006ஆம் ஆண்டின் குறு, சிறு, நடுத்தரத் தொழில்கள் மேம்பாட்டுச் சட்டப்படி, ஒப்பந்தம் இருந்தாலும் குறு, சிறு தொழில்களுக்குப் பணம் தருவது 45 நாளைத் தாண்டக் கூடாது. தாண்டினால் ரிசர்வ் வங்கி அறிவிக்கும் வங்கி விகிதத்தைப் போல மூன்று மடங்கு வட்டி, அதுவும் மாதாந்திரக் கூட்டு வட்டி. என் அனுபவத்தில் அந்த வட்டியை யாரும் வாய் திறந்து கேட்டதில்லை. கேட்டால் அடுத்த ஆர்டர் வராது. வருமான வரிச் சட்டத்தில் 43பி(எச்) பிரிவு வந்த பிறகுதான் எங்கள் அலுவலகம் விழித்துக்கொண்டது. கெடு தாண்டிய பாக்கி மார்ச் 31 அன்று நின்றால் அந்த ஆண்டு அதைச் செலவாகக் காட்ட முடியாது என்றதும், குறு, சிறு தொழில் என்பதற்கான அரசுப் பதிவான உத்யம் சான்றிதழ் கேட்டு எல்லோருக்கும் கடிதம் பறந்தது. சான்றிதழ் இருந்தால் ஆர்டர் குறையுமோ என்று பயந்து, அதை ரத்து செய்துவிடலாமா என்று ஒருவர் என்னிடமே கேட்டார்.

சிறு தொழில்களின் பில்லுக்கு முன்கூட்டியே பணம் கிடைக்கச் செய்யும் ட்ரெட்ஸ் என்ற இணையத் தளத்தைப் பற்றியும் சொல்ல வேண்டும். பட்டறைக்காரர் பில்லை ஏற்றுவார், நாங்கள் ஒப்புக்கொள்வோம், வங்கிகள் ஏலம் கேட்டு ஓரிரு நாளில் அவருக்குப் பணம் கொடுத்துவிடும். வட்டி எங்கள் நிறுவனத்தின் கடன் நம்பகத் தரத்தை வைத்து முடிவாகும். நாங்கள் பணம் கட்டாவிட்டாலும் வங்கி அவரிடம் திருப்பிக் கேட்காது. 2017 முதல் நடக்கிறது. விற்றுமுதல் 250 கோடியைத் தாண்டிய நிறுவனங்கள் பதிவு செய்தே ஆக வேண்டும் என்று 2024இல் அரசு வரம்பை இறக்கியது. முன்பு அது 500 கோடி. தொழில்நுட்பத்தில் ஒரு குறையும் இல்லை. ஆனால் "ஒப்புக்கொள்கிறேன்" என்ற பொத்தானை அழுத்திவிட்டால் தேதி வந்ததும் வங்கிக்குக் கட்டியாக வேண்டும், இழுத்தடிக்க முடியாது. அதனால் பதிவு மட்டும் செய்துவிட்டுச் சும்மா இருப்பவர்கள் உண்டு. நாங்களும் சில மாதம் அப்படித்தான் இருந்தோம்.

இப்போது வெள்ளிக்கிழமைப் பட்டியலைக் கெடு தேதி வரிசையில் மென்பொருளே போடுகிறது. நிறுத்தி வைக்கும் கட்டம் இன்னும் இருக்கிறது. ஆனால் அழுத்தினால் யார், ஏன் என்று கேட்கும். பதில் அந்தப் பட்டறைக்காரருக்கும் குறுஞ்செய்தியாகப் போகும். போன வாரமும் ஒன்றை நிறுத்தினேன். காரணம் என்ற இடத்தில் "அளவுப் பிழை" என்று எழுதினேன். பொய் இல்லை, 200 ஷாஃப்ட்டில் 11 பிழைதான். மீதி 189க்கான பணத்தையாவது விட்டிருக்கலாம் என்று திங்கட்கிழமை காலையில்தான் தோன்றியது. அதற்குள் ஒரு சனிக்கிழமை போய்விட்டிருந்தது.