காந்தம் நகருது, ஆட்டம் நகரல

2025 ஆகஸ்ட் 27 ராத்திரி, லீக் கப்ல நம்ம மான்செஸ்டர் யுனைடெட் கிரிம்ஸ்பிகிட்ட தோத்த மேட்ச்சோட அந்தக் காந்தப் பலகைப் படத்தை இனிமே யாரும் அனுப்ப வேண்டாம். பார்த்தாச்சு. டக்அவுட்டுக்குள்ள குறுகி உட்கார்ந்துக்கிட்டு, கையில ஒரு சின்னப் பலகை, அதுமேல வட்ட வட்டமா காந்தம், அதை நம்ம கோச் அமோரிம் இங்கேருந்து அங்க தள்ளி வைக்கிறார். எதிரே லீக் டூ அணி. இங்கிலாந்துல நாலாவது டிவிஷன். லிவர்பூல்காரங்க எல்லாம் "பல்லாங்குழி ஆடுறாரு"ன்னு போட்டுச் சிரிக்கிறீங்க. சிரிங்க. உங்க நேரம்.

ஆனா நம்ம ஆளுங்களே இதை "ஒரு ராத்திரி சறுக்கல்"னு எழுதுறதைப் பார்த்தாதான் பத்திக்கிட்டு வருது. முதல் பாதியிலேயே 2-0. இடைவேளையில மூணு பேரை மாத்தி, புரூனோவையும் எம்பூமோவையும் இறக்கி, 89-வது நிமிஷம் மெக்வயர் தலையால போட்டுத்தான் 2-2. அப்புறம் 26 பெனால்டி, 12-11-ன்னு தோத்தோம். ஜெயிச்சிருக்க வேண்டிய உதையை குன்யா வீணடிச்சார், கடைசி உதையை எம்பூமோ கம்பத்துல அடிச்சார். பெனால்டியைப் பத்தி நான் ஒண்ணும் சொல்லப் போறதில்ல. ஒரு பெரிய கிளப் கிரிம்ஸ்பியோட பெனால்டி வரைக்கும் போச்சுங்கிறதுதான் என் பேச்சு. அதுக்குக் காரணம் அந்தப் பலகையிலயே இருக்கு. எத்தனை தடவை தள்ளி வச்சாலும் அவர் திரும்பத் திரும்ப ஒரே இடத்துலதான் கொண்டுபோய் வைக்கிறார்: 3-4-2-1. பின்னாடியிருந்து முன்னாடி வரைக்கும் வரிசைக்கு எத்தனை ஆள்ங்கிற கணக்கு அது.

பல்லாங்குழின்னு சொன்னீங்க இல்ல? சரி, புளியங்கொட்டையையே எடுங்க. பத்து கொட்டை நம்ம ஆள். பத்து ஒரு ரூபாய்க் காசு எதிரணி. கோல்கீப்பர் ரெண்டு பேரையும் விட்டுடுங்க. ஏ4 தாளைப் படுக்கவாட்டுல போடுங்க, அதுதான் மைதானம். நிஜத்துல நீளம் 105 மீட்டர், அகலம் 68 மீட்டர். இந்த 68-ஐ மனசுல வச்சுக்கோங்க.

இடது ஓரத்துல நம்ம கோல். அங்கேருந்து மூணு கொட்டை, கோலுக்கு முன்னாடி காவல் நிக்கிற சென்டர்-பேக். அடுத்த வரிசையில நாலு: ரெண்டு ஓரத்துலயும் மேலயும் கீழயும் ஓடுற விங்-பேக், நடுவுல ரெண்டே ரெண்டு மிட்ஃபீல்டர். அதுக்கு முன்னாடி ரெண்டு பேர், ஸ்ட்ரைக்கருக்குப் பின்னாடி ஆடுற நம்பர் 10. கடைசியா ஸ்ட்ரைக்கர் ஒருத்தர். இப்போ காசை பின்னாடி நாலு, நடுவுல மூணு, முன்னாடி மூணுன்னு 4-3-3-ஆ அடுக்குங்க. முடிஞ்சதா? நடுவுல எண்ணிப் பாருங்க. நம்ம கொட்டை ரெண்டு. அவங்க காசு மூணு.

பந்து அவங்க சென்டர்-பேக்கிட்ட. நம்ம முன்னாடி மூணு பேரும் பிரஸ் பண்ண, அதாவது நெருக்கிப் பந்தைப் பறிக்க, ஓடுறாங்க. விங்-பேக்குகள் அவங்க பின்வரிசையில ஓரத்துல நிக்கிற ஃபுல்-பேக்கைப் பிடிக்க மேல ஏறணும். மிச்சம் அந்த ரெண்டு மிட்ஃபீல்டர்தான். 68 மீட்டரை ரெண்டு பேர் காவல் காக்கணும். மூணாவது காசு சும்மா நிக்குது. அதை யார் பிடிக்கிறது?

ஓரத்து சென்டர்-பேக் முன்னாடி வந்து பிடிக்கலாம். வந்தா அவர் விட்ட இடத்துல அவங்க விங்கர் நுழைஞ்சிடுவார். நம்பர் 10 ஒருத்தர் கீழ இறங்கிப் பிடிக்கலாம். இறங்கினா பிரஸ் செத்துப் போச்சு, அவங்க சென்டர்-பேக் டீ குடிச்சுக்கிட்டே பந்தை எடுத்துட்டு வரலாம். விங்-பேக்குகள் ஏறாம அஞ்சு பேர் வரிசையா கீழேயே நிக்கலாம். நின்னா அவங்க ஃபுல்-பேக் ரெண்டு பேரும் ஃப்ரீ, நாம நம்ம பாக்ஸுக்குள்ள சிறை. எந்தப் பக்கம் இழுத்தாலும் ஒரு கொட்டை பத்தல. போர்வை சின்னது, தலையை மூடினா கால் தெரியும்.

இதை நான் கண்டுபிடிக்கல. 2024 டிசம்பர் 30, ஓல்ட் டிராஃபோர்ட், நியூகாசில் மேட்ச். நடுவுல காசெமிரோவும் எரிக்சனும். அந்தப் பக்கம் மூணு பேர்: கிமராயெஸ், டொனாலி, ஜோலிங்டன். நாலாவது நிமிஷம் இசாக் கோல், 19-வது நிமிஷம் ஜோலிங்டன் கோல், அவங்க 2-0. 33-வது நிமிஷம் அமோரிம் ஸ்ட்ரைக்கர் சிர்க்சியை எடுத்துட்டு மிட்ஃபீல்டர் மெய்னூவை இறக்கினார். மைதானமே சிர்க்சியைக் கேலி பண்ணி அனுப்புச்சு, அந்தப் பையன் நேரா டனலுக்குள்ள போனார். பாவம், அவர் என்ன செய்வார்? நடுவுல மூணாவது ஆள் வேணும்னு அரை மணி நேரத்துல கோச்சுக்கே தெரிஞ்சுபோச்சு, அதுக்கான மாத்தம் அது. எட்டு மாசம் முன்னாடி தெரிஞ்சது. அடுத்த மேட்ச்சுக்கும் நடுவுல ரெண்டே பேர்தான்!

"அப்போ மூணு சென்டர்-பேக் வச்சாலே தப்பா? செல்சி கோச்சா இருந்தப்ப கோன்டே ஜெயிக்கலையா?"ன்னு கேட்பீங்க. தெரியும். 2016 செப்டம்பர்ல ஆர்சனல்கிட்ட செல்சி 3-0 தோத்த அந்த மேட்ச்லதான் கோன்டே மூணு சென்டர்-பேக்குக்கு மாறினார். அதுக்கப்புறம் லீக்ல தொடர்ந்து 13 வெற்றி, சாம்பியன். அந்த ரெண்டு மிட்ஃபீல்டர்ல ஒருத்தர் பேரு காண்டே. அவர் ஒருத்தரே ரெண்டு கொட்டை. இன்னொண்ணையும் கவனிங்க: கோன்டே தோத்ததும் மாறினார். அந்த ஒரு வார்த்தைக்காகத்தான் இவ்வளவு நேரம் எழுதிட்டு இருக்கேன். மாறினார்.

கிரிஸ்டல் பேலஸையும் இழுப்பீங்க. அவங்க கோச் கிளாஸ்னர் ஆடுறது அதே 3-4-2-1, 2025 மே மாசம் மான்செஸ்டர் சிட்டியை வீழ்த்தி எஃப்ஏ கப், ஆகஸ்ட்ல லிவர்பூலை வீழ்த்தி கம்யூனிட்டி ஷீல்டு. உண்மை. ஆனா பேலஸ் பந்தை விட்டுக் கொடுத்துட்டு, நெருக்கமா நின்னு, பறிச்சதும் நேரா ஸ்ட்ரைக்கர் மடேட்டாவுக்கு ஓடுவாங்க. முழு மைதானத்தையும் ஆளணும்னு அவங்களுக்கு ஆசை இல்ல. இடைவெளி சின்னது, அதனால ரெண்டு பேர் போதும். 2025 பிப்ரவரியில அதே பேலஸ்கிட்ட நம்ம சொந்த மண்ணுல 2-0 தோத்தோமே, அன்னைக்கு ஸ்ட்ரைக்கர் இடத்துல யாரு? மெய்னூ! நடுவுல ஆள் பத்தலைன்னு கத்துறோம், இருக்கிற மிட்ஃபீல்டரைக் கொண்டுபோய் முன்னாடி நிறுத்தினார். இதுக்கும் "தத்துவம்"னு பேரு.

சரி, நியாயமாவே பேசுவோம். அமோரிம் 2024 நவம்பர்ல சீசன் நடுவுல வந்தார். சீசன் முடிஞ்சு வர்றேன்னுதான் அவர் கேட்டார், இப்போ இல்லைன்னா எப்பவும் இல்லைன்னு கிளப்தான் இழுத்துட்டு வந்துச்சு. பயிற்சிக்கு நாள் இல்ல. வாரத்துக்கு ரெண்டு மேட்ச். ஒத்துக்கிறேன். போர்ச்சுகல்ல ஸ்போர்ட்டிங் கிளப்புக்கு 19 வருஷம் கழிச்சு லீக் வாங்கிக் கொடுத்தவர், சும்மா ஆள் கிடையாது. அதனாலதான் 27 லீக் மேட்ச்ல 27 புள்ளி எடுத்தப்பவும் பொறுத்துக்கிட்டோம். பதிமூணாவது இடத்துல வாங்கி பதினஞ்சாவது இடத்துல முடிச்சப்பவும் பொறுத்துக்கிட்டோம். 42 புள்ளி, 18 தோல்வி. 1974-ல கீழ் டிவிஷனுக்கு இறங்கின வருஷத்துக்கு அப்புறம் இவ்வளவு மோசம் இல்ல. பில்பாவோவுல அதே சீசன்ல நம்மளைவிடக் கீழ பதினேழாவதா முடிச்ச டாட்டன்ஹாம்கிட்ட ஐரோப்பா லீக் ஃபைனல் தோத்தப்பவும், பந்து முழுக்க நம்மகிட்டயே இருந்தும் ஒரு கோல் போட வக்கில்லாம நின்னப்பவும் பொறுத்துக்கிட்டோம்.

இப்போ அந்தச் சாக்கு எங்க? சீசனுக்கு முந்தின பயிற்சிக் காலம் முழுசா கிடைச்சுது. ஐரோப்பா ஆட்டமே இல்ல, வாரம் முழுக்கப் பயிற்சி. குன்யா, எம்பூமோ, செஸ்கோ மூணு பேருக்கு மட்டும் ஏறத்தாழ 200 மில்லியன் பவுண்டு. மூணு பேரும் முன்னாடி ஆடுறவங்க. ஓட்டை இருக்கிறது நடுவுல. கூரை ஒழுகுதுன்னு சொன்னா வாசலுக்குப் புதுக் கதவு மாட்டுற வேலை. வாங்கினது கிளப், மேனேஜர் இல்லைன்னு சொல்வீங்க. ஆமா, பாதி பாவம் அவங்களுக்கு. ஆனா புரூனோவைக் கீழ இறக்கி அந்த ரெண்டு பேர்ல ஒருத்தரா நிறுத்தினது யாரு? முப்பது வயசு, கடைசி பாஸுக்குன்னே பிறந்த ஆளு. அவரை 68 மீட்டருக்குக் காவல்காரனா ஆக்கியாச்சு. அதே இடத்துக்குப் போட்டின்னு சொல்லி மெய்னூவை பெஞ்சுல வச்சாச்சு. 2024 எஃப்ஏ கப் ஃபைனல்ல சிட்டிக்கு எதிரா கோல் போட்ட நம்ம வீட்டுப் பிள்ளை!

"கோல்கீப்பர் ஒனானா தப்பு பண்ணினா கோச் என்ன செய்வார்?" ஒனானா தப்பு பண்ணினார். ரெண்டு கோல்லயும். அடுத்த கேள்வி.

"ஃபெர்குசனுக்கு எத்தனை வருஷம் ஆச்சு?" இது எப்பவும் வரும். நம்ம பழைய கோச் 1986-ல வந்தார், முதல் லீக் 1993. நடுவுல ஒரு சீசன் பதிமூணாவது இடம். ஆனா முதல் முழு சீசன்லயே ரெண்டாவது வந்தார், அதை மட்டும் யாரும் சொல்றதில்ல. ஆர்சனல் கோச் ஆர்டெட்டாவைச் சொல்வீங்க. அவர் 2020-ல மூணு சென்டர்-பேக் வச்சே எஃப்ஏ கப் ஜெயிச்சார், அப்புறம் லீக்ல வரிசையா அடி வாங்கினார். டிசம்பர் 26, செல்சி மேட்ச், நாலு பேர் பின்வரிசை, ஸ்மித் ரோவை நம்பர் 10-ஆ இறக்கினார், 3-1 ஜெயிச்சார். கப் ஜெயிச்சுக் கொடுத்த அமைப்பையே தூக்கிப் போட்டார். இங்க அமோரிம் எதையும் ஜெயிக்காத அமைப்பை விடமாட்டேங்கிறார்.

மாத்தினா என்ன ஆகும்? கொட்டையைத் திரும்ப அடுக்குங்க. பின்னாடி நாலு: டாலோட், யோரோ, டி லிக்ட், ஷா. நடுவுல காசெமிரோ, மெய்னூ. முன்னாடி புரூனோ. வலப்பக்கம் எம்பூமோ, பிரென்ட்ஃபோர்டுல 20 லீக் கோல் போட்ட அதே பக்கம். இடப்பக்கம் குன்யா. நுனியில செஸ்கோ. ஒரு பைசா செலவில்ல. நடுவுல மூணுக்கு மூணு. குன்யா வுல்வ்ஸ்ல இந்த 10 இடத்துலதான் ஜொலிச்சார், அது ஒரு இழப்புதான், இடது ஓரத்துல கொஞ்சம் முனகுவார். முனகட்டும்.

இன்னொரு விஷயம் சொல்லாம முடிக்க முடியல. இந்த அமைப்புல கோட்டோரமா ஓடுற விங்கருக்கு இடமே கிடையாது. இந்த 2025 ஆகஸ்ட்ல ராஷ்ஃபோர்டு பார்சிலோனாவுல. கர்னாச்சோ தனியா பயிற்சி பண்ணிட்டு வாசல்ல நிக்கிறார். ஆளோட குணம், சண்டை எல்லாம் இருக்கலாம், இல்லைன்னு சொல்லல. ஆனா ஜார்ஜ் பெஸ்ட், கான்செல்ஸ்கிஸ், கிக்ஸ், பெக்காம், ரொனால்டோன்னு கோட்டோரத்துலயே வாழ்ந்த கிளப் இது. பந்து விங்கர்கிட்ட போனதும் மைதானம் மொத்தமும் சீட்டை விட்டு எழுந்திரிக்கும் பாருங்க, அதுக்காகத்தான் நம்மள்ல பாதிப் பேர் இந்தச் சட்டையைப் போட்டோம். இப்போ பந்து ஓரத்துக்குப் போகுது, விங்-பேக் நிக்கிறார், திரும்புறார், சென்டர்-பேக்கிட்டயே கொடுக்கிறார்.

கிரிம்ஸ்பிகிட்ட தோத்ததும் அமோரிம் என்ன சொன்னார் பார்த்தீங்களா? தங்களுக்கு என்ன வேணும்னு வீரர்கள் இன்னைக்கு உரக்கச் சொல்லிட்டாங்களாம். 2025 ஜனவரியில பிரைட்டன்கிட்ட தோத்தப்ப கிளப் வரலாற்றுலயே மோசமான அணி இதுவா இருக்கலாம்னார். ஒவ்வொரு தடவையும் அணி மோசம், மனநிலை மோசம். பலகை மட்டும் சரி.

அடுத்து ஆகஸ்ட் 30, பர்ன்லி. அவங்க அஞ்சு பேரைப் பின்னாடி வச்சு ஆடினா நடுவுல ரெண்டுக்கு ரெண்டுன்னு சமமாயிடும், நாம ஜெயிக்கவும் ஜெயிப்போம். உடனே "பார்த்தியா"ன்னு கமென்ட்ல வந்து நிக்காதீங்க. செப்டம்பர் 14 சிட்டி மேட்ச் அன்னைக்கு வாங்க, அப்போ எண்ணுவோம். பர்ன்லி மேட்ச் நம்ம நேரப்படி சனிக்கிழமை சாயங்காலம் ஏழரை. ஏழரை, சனி ரெண்டும் சேர்ந்தே வருது. டிவியை அணைச்சுட்டுத் தூங்குன்னு வீட்டுல சொல்றாங்க. எங்க தூங்குறது, அஞ்சு மணியிலேருந்தே உட்கார்ந்திருப்போம்.