வெளியீட்டு விழா முடிந்த பிறகு அந்தப் புத்தகத்தை யார் வாசிக்கிறார்கள்?

மட்டக்களப்பிலும் அம்பாறைக் கரையோர ஊர்களிலும் சனி, ஞாயிறு என்றால் எங்கேயாவது ஒரு நூல் வெளியீடு இருக்கும். நூலகத்தில், பாடசாலை மண்டபத்தில், பிரதேச செயலகத்தில். விளக்கேற்றல், வரவேற்புரை, தலைமையுரை, வாழ்த்துரைகள், முதற்பிரதி, சிறப்புப் பிரதிகள், நயவுரை, ஏற்புரை. நாங்களும் போகிறோம், என்வலப்பைக் கொடுத்து ஒரு பிரதியை வாங்கிக்கொண்டு வருகிறோம். அடுத்த நாள் முகநூலில் படங்கள் வரும். அதோடு அந்தப் புத்தகத்தைப் பற்றிய பேச்சு முடிந்துவிடுகிறது. பல வருடமாக மனதில் கிடந்து உறுத்துகிற விசயம் இது. இன்றைக்கு எழுதியே விடலாம் என்று இருக்கிறேன்.

விழா வேண்டாம் என்று நான் சொல்லவில்லை. கையெழுத்துப் பிரதியை வாங்கி, செலவைத் தானே ஏற்று, கடை கடையாக அனுப்புகிற பதிப்பகம் எங்கள் பக்கத்தில் அரிது. காரைதீவில் பிறந்த சுவாமி விபுலாநந்தரின் இசை ஆராய்ச்சி நூலான யாழ் நூல்கூட 1947இல் கடல் தாண்டி, தஞ்சாவூர்க் கரந்தைத் தமிழ்ச் சங்க வெளியீடாகத்தான் வந்தது. இன்று எழுதுகிற ஒருவர் கைக்காசைப் போட்டு, ஓய்வூதியப் பணிக்கொடையில் ஒரு பங்கை எடுத்து, சில வேளை நகையை ஈடு வைத்து 300 அல்லது 500 பிரதி அடிக்கிறார். 2022இல் கடதாசி இல்லாமல் மேல் மாகாணத்தில் தவணைப் பரீட்சையே தள்ளிப்போனது எல்லோருக்கும் நினைவிருக்கும். அந்தக் காலத்திலும் இங்கே புத்தகம் போட்டவர்கள் இருக்கிறார்கள். தட்டச்சு, ஒப்புநோக்கல், அச்சகத்துக்கு அலைவது, பெட்டியை பஸ்ஸில் ஏற்றி வருவது, விற்பது எல்லாம் அவரே. விழாவில் சேரும் காசுதான் அச்சகக் கடனை அடைக்கிறது. அந்த வகையில் விழா தேவை.

ஆனால் விழா மேடையில் விமர்சனம் நடக்காது. நடக்கவும் கூடாது என்பது என் அபிப்பிராயம். முன்வரிசையில் அவருடைய மனைவி, பிள்ளைகள், படிப்பித்த ஆசிரியர் இருக்கிறார்கள். அங்கே நின்று நாலாம் அத்தியாயம் சரியில்லை என்று சொல்வது பண்பில்லை. அந்தப் பேச்சு பிறகு வரவேண்டும். புத்தகத்தை முழுக்க வாசித்த, எழுதியவரால் அழைக்கப்படாத ஒருவரிடமிருந்து வரவேண்டும். அதுதான் வருவதில்லை.

மட்டக்களப்பு வாவிக்கு மேற்கே, படுவான்கரையில் ஓய்வுபெற்ற பாடசாலை அதிபர் ஒருவர் தன் ஊரைப் பற்றி ஒரு நூல் எழுதி வெளியிட்டார். வெளியாகி நெடுநாள் கழித்து அவரைச் சந்தித்தபோது புத்தகம் எப்படிப் போனது என்று கேட்டேன். “எல்லாரும் நல்லாரிக்கெண்டாங்க மனே. வாசிச்சன் எண்டு ஒருத்தரும் சொல்லல்ல” என்றார். கோபமாகச் சொல்லவில்லை. ஆனால் அடுத்த நூலுக்குச் சேர்த்த குறிப்புக் கொப்பிகளைக் கட்டி அலுமாரிக்கு மேலே வைத்துவிட்டேன் என்றும் சொன்னார்.

அவருடைய புத்தகத்தையே எடுத்துக்கொள்வோம். முதல் முப்பது பக்கம் மன்னர் கதை. ஏட்டுப் பிரதிகளிலிருந்து தொகுத்து எப். எக்ஸ். சி. நடராசா 1962இல் பதிப்பித்த மட்டக்களப்பு மான்மியத்திலும், வி. சீ. கந்தையாவின் 1964ஆம் ஆண்டு நூலான மட்டக்களப்புத் தமிழகத்திலும் உள்ளதுதான் அங்கே திரும்ப வருகிறது. எங்கிருந்து எடுத்தது என்ற குறிப்பும் இல்லை. கோயில் ஆயிரம் வருடம் பழமையானது என்று ஒரு வரி, ஆதாரம் இல்லாமல். இதை அச்சில் சொல்லத்தான் வேண்டும். இல்லாவிட்டால் அடுத்த ஊர் வரலாறு எழுதுகிறவர் இந்த ஆயிரத்தை மேற்கோள் காட்டி எழுதுவார்.

அதே புத்தகத்தின் பின்பக்கங்களைப் பாருங்கள். ஊரின் வட்டைகள், அதாவது வயல்வெளிகள், ஒவ்வொன்றும் பெயர் பெயராக. எந்த வாய்க்கால் எந்த வட்டைக்குப் போனது, வயல் வேலைகளை மேற்பார்க்கிற வட்டைவிதானை எப்படித் தெரிவானார், நிலச் சொந்தக்காரரான போடியாருக்கும் அவருடைய வயலைச் செய்கிற முல்லைக்காரனுக்கும் கணக்கு எப்படிப் பிரிந்தது, களவெட்டியில் சூடு மிதித்து நெல்லைப் பிரிக்கும்போது என்ன பாடினார்கள். அந்தப் பொலிப் பாட்டை அவர் தன் தகப்பனாரிடம் கேட்டு எழுதி வைத்திருக்கிறார். இந்தத் தகவலை வேறு எந்த நூலிலும் நான் கண்டதில்லை. இதற்கு அவர் ஒதுக்கியது பதினொரு பக்கம். மன்னர்தான் வரலாறு, வட்டை வரலாறு இல்லை என்று அவர் நினைத்துவிட்டார். வெளியான கையோடு ஒருவர், சேர், அந்தப் பதினொரு பக்கம்தான் உங்கள் புத்தகம், அதை இருநூறு பக்கமாக எழுதுங்கள் என்று சொல்லியிருந்தால் அந்தக் கொப்பிகள் அலுமாரிக்கு மேலே போயிருக்காது. விமர்சனம் செய்ய வேண்டிய வேலை இதுதான் என்று நான் முழுமையாக நம்புகிறேன்.

எங்களிடம் எழுதப்படுகிற மதிப்புரைகள் பெரும்பாலும் கவிதைக்கும் சிறுகதைக்கும்தான். ஆனால் சொந்தச் செலவில் வருகிற புத்தகங்கள் அந்த இரண்டு வகைக்குள் நிற்கவில்லை. கூத்துப் பழக்குகிற அண்ணாவியாரின் கொப்பியிலிருந்து எடுத்து அச்சான வடமோடி, தென்மோடிக் கூத்துப் பிரதிகள் வருகின்றன. விஷகடி வைத்தியக் குறிப்புகள், சிறுவர் பாடல்கள், சமையல், பயண அனுபவம், யுத்த கால நினைவுகள், முகநூலில் தொடராக வந்து பிறகு அச்சான பேய்க்கதையும் துப்பறியும் கதையும், வீட்டிலிருந்து எழுதி கிண்டிலில் ஏற்றுகிற பெண்களின் குடும்ப நாவல்கள் என்று எத்தனையோ. இவற்றையெல்லாம் இலக்கியம் இல்லை என்று ஒதுக்கிவிட்டு, வாசகர் குறைந்துவிட்டார்கள் என்று கவலைப்படுவதில் எனக்கு உடன்பாடில்லை.

ஒவ்வொரு வகையிடமும் கேட்கவேண்டிய கேள்வி வேறு. கூத்துப் பிரதி என்றால் தாளக்கட்டு கொடுத்திருக்கிறார்களா, எந்த ஊரில் எந்த அண்ணாவியார் ஆட்டுவித்த பிரதி என்று சொல்லியிருக்கிறார்களா என்று பார்க்கவேண்டும். இவை இல்லாத பிரதியை வைத்து நாளைக்கு ஒரு பிள்ளையால் ஆடமுடியாது. துப்பறியும் கதையில் துப்பு நேர்மையாக வைக்கப்பட்டிருக்கிறதா என்பதுதான் கேள்வி, சமூகப் பார்வை இருக்கிறதா என்பதல்ல. சிறுவர் நூலை ஒரு பிள்ளையோடு இருந்து வாசிக்காமல் அதற்கு மதிப்புரை எழுதவே கூடாது. பிள்ளை எந்தப் பக்கத்தில் எழும்பிப் போகிறது என்பது முக்கியம். ஐந்தாம் தரப் புலமைப்பரிசில் பரீட்சைக்கான மாதிரி வினாத்தாள் புத்தகங்களையும் விடமாட்டேன். எங்கள் ஊர்களில் உண்மையாக விற்கிற புத்தகம் அதுதான், விடையில் பிழை இருந்தால் ஒரு பத்து வயதுப் பிள்ளை அல்லவா அதைச் சுமக்கிறது?

கவிதைத் தொகுதிகளுக்கு ஒன்றே ஒன்று: எழுதிய எல்லாவற்றையும் போடாதீர்கள். அறுபதில் பன்னிரண்டு நல்ல கவிதை இருந்தால் பன்னிரண்டோடு ஒரு சிறு நூல் போடலாம்.

யுத்த நினைவுக் குறிப்புகளில் மட்டும் என் கை தயங்கும். பிள்ளையைத் தொலைத்த தாய் எழுதியதை நடை நன்றாக இல்லை என்று யாரும் எழுதத் தேவையில்லை. ஆனால் திகதியும் இடமும் சரியாக இருக்கிறதா என்பதும், உயிரோடு இருப்பவர்களின் பெயர் வந்து அவர்களுக்கு ஆபத்து உண்டா என்பதும் மதிப்புரை கவனிக்கவேண்டியவை. அப்படியொன்று கண்ணில் பட்டால் எழுதியவரிடம்தான் முதலில் பேசுவேன், பொதுவெளியில் அல்ல.

அச்சுப் பிழை பற்றியும் சொல்லவேண்டும். பாமினி எழுத்துருவில் தட்டச்சு செய்ததை யுனிகோட்டுக்கு மாற்றும்போது கொம்பும் காலும் இடம் மாறிவிடுகின்றன. காலுக்குப் பதிலாக ரகரம் நிற்கிறது, ஔவையாரின் முதலெழுத்து ஒகரமும் ளகரமுமாக இரண்டாக உடைந்து கிடக்கிறது. நல்ல கதை ஒன்றை இந்தப் பிழைகளோடு வாசிக்கும்போது கல் பொறுக்கிக்கொண்டே சோறு தின்பது போல இருக்கிறது. மாற்றிய பிறகு ஒரு முறை முழுதாகத் தாளில் எடுத்து, எழுதாத இன்னொருவரைக் கொண்டு வாசிப்பித்தால் பெரும்பகுதி போய்விடும்.

எனக்கு மிகவும் வலிக்கிற விசயம் இன்னொன்று. முஸ்லிம் ஊரான காத்தான்குடியில் வெளியாகிற புத்தகம் பக்கத்துத் தமிழ் ஊரான ஆரையம்பதிக்கு வருவது குறைவு. அக்கரைப்பற்றில் வருவது ஆலையடிவேம்புக்குத் தெரியாது, ஆலையடிவேம்பில் வருவது அக்கரைப்பற்றுக்குத் தெரியாது. ஒரே தமிழில், மதிலுக்கு அந்தப்பக்கமும் இந்தப்பக்கமும் இருந்து எழுதுகிறோம். அழைப்பிதழ் கிடைத்த விழாவுக்கு மட்டும் போய், அங்கே கிடைத்த நூலைப் பற்றி மட்டும் எழுதினால் இது மாறாது. நானாகத் தேடிப்போய் வாங்குவேன். முஸ்லிம் ஊர்களின் நாட்டார் கவிகளைத் தொகுத்தவரையும், கண்ணகி கோயில் சடங்கைப் பதிவு செய்தவரையும் ஒரே பதிவில் வைத்துப் பேசவேண்டும் என்பது என் நெடுநாள் ஆசை.

வீட்டு அலுமாரியில் மட்டும் இருக்கிற பிரதிக்கு என்ன நடக்கும் என்பதை 1978 சூறாவளியும் 2004 சுனாமியும் எங்களுக்குக் காட்டிவிட்டன. அதனால் நூல் போடுகிறவர்களிடம் ஒரு வேண்டுகோள். தேசிய நூலகத்தில் விண்ணப்பித்து ஐஎஸ்பிஎன் எண் எடுங்கள். ஊர் நூலகத்துக்கும் கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் தென்கிழக்குப் பல்கலைக்கழகத்துக்கும் பிரதி கொடுங்கள். எங்கள் நாட்டுத் தமிழ் நூல்களை மின்வடிவில் சேமித்து 2005இலிருந்து இயங்குகிற ‘நூலகம்’ என்ற இணையத்தளத்தில் சேர்க்க அனுமதி கொடுங்கள். இருந்த பிரதியெல்லாம் முடிந்த பிறகும் கனடாவில் இருக்கும் உங்கள் ஊர்ப் பிள்ளை அதை வாசிக்கும்.

உள்ளூர் எழுத்தாளர்தானே, ஊக்கப்படுத்தினால் போதும், பிழை பிடிக்கவேண்டுமா என்று என் நண்பர்களே கேட்கிறார்கள். ஊக்கப்படுத்தத்தான் வேண்டும். ஆனால் வாசிக்காமல் போடுகிற ‘சிறப்பு, வாழ்த்துகள்’ யாரையும் இரண்டாவது நூலுக்குக் கொண்டுபோகவில்லை. அந்த அதிபரைப் பார்த்த பிறகு எனக்கு இதில் சந்தேகமே இல்லை. ஒருவர் தன் நகைக்காசைப் போட்டு அச்சிட்ட இருநூறு பக்கத்துக்கு நான் கொடுக்கக்கூடிய மரியாதை, அதைக் கடைசிப் பக்கம் வரை வாசித்து, பக்க எண்ணோடு சொல்வது.

சரி, இனி செய்யப்போவது இது. மட்டக்களப்பு, அம்பாறை மாவட்டங்களில் சொந்தச் செலவில் புதிதாக வருகிற நூல்களைப் பற்றி ஒன்றன்பின் ஒன்றாக எழுதப்போகிறேன். காசு கொடுத்து வாங்கித்தான் எழுதுவேன், இலவசப் பிரதி அனுப்பவேண்டாம். என்ன இருக்கிறது, யாருக்குப் பயன்படும், எங்கே இடறுகிறது, எங்கே வாங்கலாம் என்று நான்கையும் சொல்வேன். எழுதியவருக்கு மறுப்பு இருந்தால் அதையும் அப்படியே இங்கே போடுவேன். முதலில் வருவது ஒரு தென்மோடிக் கூத்துப் பிரதி, அதற்கடுத்தது அம்பாறைப் பக்கத்து இளைஞர் ஒருவரின் துப்பறியும் நாவல். உங்கள் ஊரில் இந்த வருடம் வந்த நூல் இருந்தால் அதன் பெயர், விலை, கிடைக்கும் கடை மூன்றையும் எனக்கு அறியத் தாருங்கள். பொத்துவில், திருக்கோவில், வாகரைப் பக்கத்து நூல்கள்தான் என் கைக்கு வந்து சேர்வது குறைவு, அந்தப் பக்கத்து ஆட்கள் கட்டாயம் எழுதுங்கள்.