ஆண்டு மலர்களும் ஒரு கொள்கை வரைவும்

எங்கள் ஊர் இலக்கிய அமைப்பு ஒன்றின் பழைய ஆண்டு மலர்களை மறுபதிப்புச் செய்யும் பணியில் சில மாதங்களாக உதவி வருகிறேன். 1990களின் பிற்பகுதியில் பேஜ்மேக்கர் என்ற பக்க வடிவமைப்பு மென்பொருளில் உருவாக்கிய கோப்புகள் குறுந்தகடுகளில் பத்திரமாக உள்ளன என்றே எல்லோரும் நம்பியிருந்தோம். எடுத்துப் பார்த்தபோது சில தகடுகளைக் கணினியால் படிக்கவே முடியவில்லை. படிக்க முடிந்தவற்றிலும், அன்று பயன்படுத்திய எழுத்துரு எதுவென்று யாரும் குறித்து வைக்காததால், தமிழ் வரவேண்டிய இடமெல்லாம் ஆங்கில எழுத்துகளும் அரைப்புள்ளிகளுமாகவே தெரிந்தன. ஓர் உறுப்பினர் வீட்டுப் பரணில் அச்சுப்படி கிடைத்திராவிட்டால் அந்த மலர்களில் ஒன்றை நாங்கள் முற்றாக இழந்திருப்போம்.

உலக மொழிகளின் எழுத்துகளுக்கெல்லாம் பொதுவாக எண் வழங்கும் ஒருங்குறியில் (யூனிகோடு) தமிழுக்கு 1991ஆம் ஆண்டிலேயே இடம் கிடைத்துவிட்டாலும், அச்சகங்களும் அலுவலகங்களும் நெடுங்காலம் பாமினி, தஸ்கி, டாம், டாப் என ஒன்றோடொன்று பொருந்தாத பல குறியாக்கங்களில்தான் இயங்கின. தமிழக அரசு ஒருங்குறியை ஏற்றதே 2010இல்தான். ஆகவே தமிழில் இயங்கும் ஓர் அமைப்பு தன் மின்னணுக் கோப்புகளை அழியாமல் பேணுவதற்கு வகுக்கும் கொள்கை, பழைய கோப்புகளை ஒருங்குறிக்கு மாற்றுவதோடு மூலக் கோப்பையும் எழுத்துருவையும் சேர்த்தே வைக்கவேண்டும் என்ற விதியில் தொடங்கவேண்டும் என்பது என் உறுதியான கருத்து. மாற்றும்போது நேரும் பிழைகளை ஒப்பிட்டுத் திருத்த மூலம் இல்லாமல் முடியாது.

அச்சுப்படியை ஸ்கேன் செய்து பிடிஎஃப் ஆக்கி இணையத்தில் ஏற்றிவிட்டால் போதும் என்று பலர் கருதுகிறார்கள். அது வாசகருக்கான படி மட்டுமே. நெடுநாள் பேணுவதற்கான மூலப்படியாக ஓர் ஏ4 பக்கத்தை 300 டிபிஐ (அங்குலத்துக்கு 300 புள்ளிகள்) முழு வண்ணத்தில், சுருக்காத டிஃப் என்ற படக் கோப்பாக வைத்தால் ஏறத்தாழ 26 எம்பி வரும். 200 பக்க மலருக்கு 5 ஜிபிக்கு மேல். அதையே மூன்று படிகளாக, ஒன்றை வேறு ஊரில் வைக்கவேண்டும். 1981இல் யாழ்ப்பாணப் பொது நூலகம் எரிக்கப்பட்டபோது, வேறெங்கும் படி இல்லாத சுவடிகளும் நூல்களும் மீளவே இல்லை என்பதை நாம் அறிவோம். எனவே இச்செலவு ஆண்டு வரவுசெலவுத் திட்டத்தில் தனித் தலைப்பாக இடம்பெறவேண்டும். நன்கொடை வரும்போது பார்த்துக்கொள்ளலாம் என்று விடக்கூடாது.

கொள்கையில் நான் மிக முக்கியமாகக் கருதுவது பொறுப்பு பற்றிய பகுதியே. ஆர்வமுள்ள ஓர் இளைஞரின் மடிக்கணினியிலும் அவருடைய சொந்த மின்னஞ்சல் கணக்கிலும் ஓர் அமைப்பின் முப்பதாண்டு வரலாறு இருப்பது பெரிய ஆபத்து. பொறுப்பு ஒரு பதவிக்கு உரியதாக இருக்கவேண்டும். நிர்வாகிகள் மாறும்போது கணக்குப் புத்தகம் போலவே கடவுச்சொற்களும் வன்தட்டுகளும் கையெழுத்துப் பெற்று ஒப்படைக்கப்படவேண்டும். ஆண்டுக்கொருமுறை ஒவ்வொரு கோப்பின் செக்சம் எண்ணையும் (கோப்பின் உள்ளடக்கத்திலிருந்து கணக்கிடப்படுவது; கோப்பு சிதைந்தால் இது மாறிவிடும்) சேமித்த நாளில் குறித்ததோடு ஒப்பிட்டு, மாறியிருந்தால் நல்ல படியிலிருந்து மீட்டு, அதன் விவரத்தைப் பதிவேட்டில் எழுதுவதும் அப்பதவியின் கடமை.

மூன்று பக்க வரைவு ஒன்றை எழுதி முடித்திருக்கிறேன். எழுத்தாளர்களிடம் பெறவேண்டிய இசைவுக் கடிதத்தின் வாசகம் மட்டும் நிறைவாக அமையவில்லை. உங்கள் அமைப்புகளில் அத்தகைய கடிதம் இருந்தால் அனுப்பி உதவுங்கள். வரும் பொதுக்குழுவுக்கு முன் அதைச் சேர்க்க விரும்புகிறேன்.