ஹேஷ்கோட் வேகத்துக்கு மட்டுமானதல்ல

“ஜாவாவில் மதிப்பால் ஒப்பிட ஈக்வல்ஸ் எழுதினால் போதும், ஹேஷ்கோட் வெறும் வேகத்துக்குத்தான்” என்று எழுதியிருக்கிறீர்கள். ஜாவா நிரல்மொழியில் ஈக்வல்ஸ் (equals) என்பது இரண்டு பொருள்கள் (objects) சமமா என்று பார்க்கும் மெத்தடு, அதாவது செயல்பாடு; ஹேஷ்கோட் (hashCode) ஒரு பொருளுக்கு ‘ஹேஷ்’ என்ற எண்ணைத் தரும் மெத்தடு. புதியவர்கள் இதை நம்பினால் அவர்களுடைய நிரல் தவறான விடை தரும்.

‘புள்ளி’ என்றொரு கிளாஸ் (பொருள்களுக்கான வார்ப்பு); அதில் ஈக்வல்ஸ் மட்டும் எழுதியிருக்கிறோம். (3, 4) என்ற பொருளை ஹேஷ்செட்டில் (பொருள்களைச் சேர்த்து வைக்கும் தொகுப்பில்) போட்டுவிட்டு, அதே மதிப்பில் இன்னொன்றை உருவாக்கி ‘இது இருக்கிறதா?’ என்று கேளுங்கள். ஹேஷ்செட் முதலில் பார்ப்பது ஹேஷ் எண்ணைத்தான். நாம் ஹேஷ்கோட் எழுதாதபோது எல்லாக் கிளாஸ்களுக்கும் அடிப்படையான ஆப்ஜெக்ட் கிளாஸில் உள்ளதே இயங்கும். அது இரண்டு பொருள்களுக்கும் பெரும்பாலும் வெவ்வேறு எண்களைத் தரும். எண்கள் வேறுபட்டால், பாடுபட்டு எழுதிய ஈக்வல்ஸ் அழைக்கப்படுவதே இல்லை. ‘இல்லை’ என்றே பதில் வரும். எப்போதாவது சரியாக வந்துவிடும் என்பதால் இந்தப் பிழையைக் கண்டுபிடிப்பது இன்னும் கடினம். சமமான பொருள்களுக்கு ஒரே ஹேஷ் எண் வர வேண்டும் என்பது ஜாவா ஆவணத்திலேயே உள்ள நிபந்தனை.

நாம் எழுதும் ஹேஷ்கோட் எல்லாப் பொருள்களுக்கும் ஒரே எண்ணைத் தந்தால் விடை சரியாகவே வரும், வேகம் மட்டும் குறையும். உங்கள் கூற்று அந்த நிலைக்குத்தான் பொருந்தும்.

ஜாவா 16 முதல் ரெக்கார்டு (மதிப்புகளை வைப்பதற்கான சுருக்கமான கிளாஸ் வகை) இருக்கிறது. இரண்டு மெத்தடுகளும் தாமாகவே கிடைத்துவிடும். உள்ளே அரே (மதிப்புகளின் வரிசை) வைத்தால் மட்டும் கவனம் தேவை: அதன் உள்ளடக்கத்தை ரெக்கார்டு ஒப்பிடாது.