எத்தனை அவுன்ஸ் என்று கேட்டீர்கள், எத்தனை மாதத்துக்குக் காசிருக்கு என்று கேட்டீர்களா?

தங்கம் தேடும் ஒரு சின்னக் கம்பனியின் பங்கைப் பற்றி எங்கள் ஆட்களுக்குச் சனிக்கிழமை இரவு நடந்த அந்த சூம் கூட்டத்தைப் பற்றி எழுதாமல் விடலாம் என்றுதான் இருந்தேன். கூட்டத்தில் இருந்தவர்களுக்கு நான் எதைச் சொல்கிறேன் என்று தெரியும். திங்கட்கிழமை காலையில் அந்தக் கம்பனி 26 சதத்துக்குப் புதுப் பங்கு வெளியிடப் போவதாக அறிவித்தது. வெள்ளிக்கிழமை சந்தையில் விலை 34 சதம். அவ்வளவுதான், "ஏமாற்றிப்போட்டாங்கள்" என்று குழுமம் முழுக்க ஒப்பாரி. கூட்டத்துக்கு முன்பே குழுமத்தில் நாலு வரி எழுதி இதைத்தான் எச்சரித்தேன். அதற்குக் கிடைத்த பதில், "தமிழன் முன்னுக்கு வந்தால் உங்களுக்கு ஏன் அண்ணை வயிறு எரியுது?" நல்லது தம்பி.

யாரும் யாரையும் ஏமாற்றவில்லை. இந்தத் தொழில் நடக்கிற முறையே இதுதான். ஜூனியர் தங்கக் கம்பனி, அதாவது தங்கத்தை இன்னும் தேடிக்கொண்டிருக்கிற சின்னக் கம்பனிக்குச் சுரங்கம் கிடையாது, வருமானம் கிடையாது. அதனிடம் விற்க இருக்கிற ஒரே பொருள் அதன் பங்கு. ஹெலியில் போகவேண்டிய காட்டுப் பகுதி என்றால் ஒரு மீற்றர் துளைக்க எல்லாச் செலவும் சேர்த்து 400 டொலர் சுலபமாகப் போகும். 10,000 மீற்றர் துளைத்தால் 4 மில்லியன். ஒரு கோடைகாலத்திலேயே அது கரைந்துவிடும். பிறகு? திரும்பவும் பங்கு விற்க வேண்டும். எப்போது விற்பார்கள்? விலை ஏறியிருக்கும்போது. விலை எப்போது ஏறும்? நல்ல துளைப்பு முடிவு வரும்போது. கூட்டத்துக்கு முந்தின செவ்வாய்க்கிழமை முடிவு வந்தது, திங்கட்கிழமை காசு கேட்டார்கள். இதில் அதிர்ச்சியடைய என்ன இருக்கிறது?

34 சதப் பங்கு ஏன் 26 சதத்துக்குப் போனது என்று கேட்கிறீர்கள். இப்படியான சின்னக் கம்பனிகளின் பங்கு விற்கப்படும் கனடிய ரிஎஸ்எக்ஸ் வென்ச்சர் சந்தையின் விதிப்படி, 50 சதம் வரை விலையுள்ள பங்கை 25 வீதம் வரை கழிவில் கொடுக்கலாம். 34-இல் 25 வீதம் கழித்துப் பாருங்கள். இருந்த பங்கு 80 மில்லியன். 5.2 மில்லியன் டொலர் திரட்ட இன்னும் 20 மில்லியன் பங்கு. கூடவே ஒவ்வொரு பங்குக்கும் அரை வாரண்ட். அதாவது 40 சதம் கொடுத்து மேலும் 10 மில்லியன் பங்கு வாங்கும் உரிமை. 26 சதத்துக்கு வாங்கியவர் நாலு மாதம் விற்க முடியாது. நாலு மாதம் முடிந்ததும் பங்கை விற்றுப் போட்ட காசை எடுத்துக்கொண்டு வாரண்டைச் சும்மா வைத்திருப்பார். விலை 40 சதத்தைத் தாண்டினால் அதுவும் பங்காக மாறிச் சந்தைக்கு வரும். 34-க்கு வாங்கிய உங்களிடம் வாரண்ட் இருக்கிறதா? ஒரு சுற்று என்றாலும் பரவாயில்லை. வருடம் 20 வீதம் என்று ஐந்து வருடம் பங்கு கூடினால் 80 மில்லியன் கிட்டத்தட்ட 200 மில்லியன் ஆகிவிடும். மண்ணுக்குள் இருக்கிற தங்கம் ஒரு கிராம்கூடக் கூடவில்லை, கம்பனியில் உங்களுக்குரிய வீதம் மட்டும் பாதிக்குக் கீழே.

அதனால்தான் முதல் கேள்வி, கையில் எவ்வளவு காசு, எத்தனை மாதம் தாங்கும்? கூட்டத்தில் நாற்பது கேள்வி வந்தது, இந்த ஒன்றைத் தவிர.

இனி துளைப்பு முடிவு என்று எல்லோரும் பகிர்ந்த அந்த "20 மீற்றருக்கு 3.1 கிராம்", அதாவது துளையின் 20 மீற்றர் நீளத்தில் ஒரு தொன் கல்லுக்குச் சராசரி 3.1 கிராம் தங்கம். அறிக்கையின் கீழே இருந்த அட்டவணையை எத்தனை பேர் பார்த்தீர்கள்? அதில் அரை மீற்றர் மட்டும் 120 கிராம். மிச்சம் 19.5 மீற்றரும் 0.1 கிராம். கணக்குப் போடுங்கோ: 60-உம் 1.95-உம் 61.95, அதை 20-ஆல் வகுத்தால் 3.1. அந்த அரை மீற்றரை எடுத்துவிட்டால் வெறும் கல். பொய் இல்லை, சட்டப்படி சரியான அறிவிப்பு. ஆனால் தலைப்பில் அட்டவணை வராது. "உண்மைத் தடிமன் இன்னும் தெரியவில்லை" என்று ஒரு வரியும் இருந்தது. கல்லுக்குள் தங்கம் ஓடும் நரம்பைக் குறுக்கே வெட்டாமல் அதன் நீளப்பாட்டுக்குத் துளைத்தால் ஒரு மீற்றர் நரம்புகூட 20 மீற்றராகத் தெரியும். அந்த வரியின் அர்த்தம் அதுதான்.

"அவுன்ஸ் கணக்கு வந்துவிட்டால் பயமில்லை" என்று ஒருவர் எழுதியிருந்தார். மண்ணுக்குள் எவ்வளவு தங்கம் இருக்கும் என்ற மதிப்பீட்டைத்தான் சொல்கிறார். ஒன்ராறியோ ரெட் லேக்கில் ரூபிகன் மினரல்ஸ் என்றொரு கம்பனி. 2013-இல் அவர்களுடைய ஃபீனிக்ஸ் திட்டத்தில் சுமார் 3.3 மில்லியன் அவுன்ஸ் என்று அறிக்கை. அதில் மூன்றில் இரண்டு பங்கு "இன்ஃபர்ட்" வகை, அதாவது தூரத்தூரத் துளைகளை வைத்து ஊகித்தது. அதை நம்பி ஆலையே கட்டினார்கள். 2015-இல் சுரங்கத்துக்குள் போய் நெருக்கமாகத் துளைத்துப் பார்த்தபோது, தங்கம் வரைபடத்தில் காட்டியபடி தொடர்ச்சியாக இல்லை. 2016 ஜனவரியில் வந்த புதுக் கணக்கு சுமார் 4 லட்சம் அவுன்ஸ்தான். அதே ஆண்டு ஒக்ரோபரில் கடன்காரரிடமிருந்து நீதிமன்றப் பாதுகாப்பு. கனடா ஓய்வூதியத் திட்டத்தின் முதலீட்டுச் சபையே அவர்களுக்கு 50 மில்லியன் அமெரிக்க டொலர் கடன் கொடுத்திருந்தது. அத்தனை நிபுணர்களை வைத்திருக்கிறவர்களுக்கே இந்த நிலை. நாங்கள் யூடியூப் பார்த்துவிட்டுக் கிளம்புகிறோம்.

"ப்ரீ-எக்ஸ் காலம் போயிற்று, இப்போது சட்டம் இருக்கு." இருக்கிறதுதான். ப்ரீ-எக்ஸ் என்ற கனடியக் கம்பனியின் இந்தோனேசியப் புசாங் திட்டத்தில் மாதிரிக்குள் வெளித் தங்கத்தைக் கலந்த கதை 1997-இல் வெளிவந்த பிறகுதான், துளைப்பு முடிவையும் அவுன்ஸ் கணக்கையும் எப்படி அறிவிக்க வேண்டும் என்று சொல்லும் 43-101 விதி 2001-இல் வந்தது. அந்த விதி களவைத் தடுக்கும். உங்கள் ஆசைக்கு அது என்ன செய்யும்? ரூபிகனின் 2013 அறிக்கையும் அந்த விதியின் கீழ் வந்ததுதான்.

"தங்கம் அவுன்ஸ் 4,000 அமெரிக்க டொலரைத் தாண்டிவிட்டதே?" 2025 ஒக்ரோபரில் தாண்டியது, சரி. தோண்டி விற்கிறவனுக்கு அது லாபம். தோண்டாதவனுக்குக் காசு திரட்டுவது சுலபமாகும், அவ்வளவுதான். சுலபமானால் என்ன செய்வார்கள்? இன்னும் பங்கு வெளியிடுவார்கள்.

"கிரேட் பெயார் கம்பனியில் வாங்கினவர்கள் உழைக்கவில்லையா?" இதற்காகத்தான் காத்திருந்தேன். 2021 டிசம்பரில் கின்றோஸ் என்ற பெரிய சுரங்கக் கம்பனி அந்த ஜூனியர் கம்பனியைச் சுமார் 1.8 பில்லியன் கனடிய டொலருக்கு, பங்கு 29 டொலராக, வாங்குவதாக அறிவித்தது. ஒரு டொலருக்கும் கீழே வாங்கியவர்கள் இருந்தார்கள், உண்மை. இப்போது 1.8 பில்லியனை 29-ஆல் வகுத்துப் பாருங்கள். மொத்தமே அறுபது மில்லியன் சொச்சம் பங்குதான். கண்டுபிடிப்பும் பெரிது, பங்கு எண்ணிக்கையும் சிறிது. உங்கள் கம்பனி ஒரு அவுன்ஸ் கணக்குக்கூட எழுதமுதல் 100 மில்லியனைத் தொட்டுவிட்டது.

எனக்கு வயிற்றெரிச்சல் என்றே வைத்துக்கொள்ளுங்கோ. ஆனால் கூட்டத்தில் ஒரு அக்கா, வீட்டை ஈடு வைத்து எடுத்த கடனில் வாங்கலாமா என்று கேட்டா. பேச்சாளர் சிரித்துக்கொண்டு, "ரிஸ்க் எடுத்தவன்தான் ஜெயிப்பான்" என்றார். கைதட்டல் வேறு. அந்த வட்டியை மாதாமாதம் கட்டப்போவது ஆர்? ரிஎஃப்எஸ்ஏ என்ற வரியில்லாச் சேமிப்புக் கணக்குக்குள் வாங்கினால் லாபத்துக்கு வரியில்லை என்று சொன்னவர், நட்டம் வந்தால் அதை வரியில் கழிக்க முடியாது, போன காசுக்குரிய வைப்பு வரம்பும் அந்தக் கணக்கில் திரும்பக் கிடைக்காது என்று ஏன் சொல்லவில்லை? எதிர்மறையாகக் கதைக்கிறவன் நான், வீட்டை அடகு வைக்கக் கைதட்டினவர்கள் சமூக சேவகர்கள்.

சும்மா குறை சொல்கிறேன் என்பவர்களுக்கு: கனடியக் கம்பனிகள் தங்கள் கணக்குகளைப் பதியும் செடார் பிளஸ் தளத்தில் கம்பனியின் பெயரைப் போடுங்கோ. வென்ச்சர் கம்பனிகள் இடைக்காலக் கணக்கை அந்தக் காலம் முடிந்து 60 நாளுக்குள், ஆண்டுக் கணக்கை ஆண்டு முடிந்து 120 நாளுக்குள் காட்ட வேண்டும். காசு எவ்வளவு என்று பாருங்கள். அதில் ஃப்ளோ-த்ரூ பங்கு விற்று வந்த பகுதியைத் தனியாகக் கழியுங்கள். அதைக் கனடாவில் தேடல் வேலைக்கு மட்டுமே செலவழிக்கலாம், அலுவலகச் சம்பளத்துக்கும் வாடகைக்கும் ஆகாது. மிச்சத்தை மாத நிர்வாகச் செலவால் வகுத்தால் மாதக் கணக்கு வரும். ஆறுக்குக் கீழே என்றால் அடுத்த பங்கு வெளியீடு கதவடியில் நிற்கிறது. பிறகு வாரண்ட் அட்டவணை: எத்தனை, என்ன விலை, எப்போது முடிகிறது. அரை மணித்தியால வேலை.

அதோடு பழைய செய்தி அறிக்கைகளையும் தட்டிப் பாருங்கள். கம்பனி யாருக்காவது காசு கொடுத்து முதலீட்டாளர் தொடர்பு வேலை செய்வித்தால் அதை அறிவிக்க வேண்டும் என்பது சந்தை விதி. சனிக்கிழமை பேசியவர் தன் பங்குகளை என்ன விலைக்கு, எப்போது வாங்கினார், கூட்டம் நடத்தக் காசு வாங்கினாரா? கீழே அவரே வந்து பதில் எழுதலாம். அழிக்க மாட்டேன்.